தூசியளவு விதையும் ஐந்து மழைக்காலமும்

என்னிடம் வந்த முதல் கேட்லியா காக்சினியா பதினோரு மாதங்களில் இறந்துபோனது. நான்கு போலிக்குமிழ்களும் (நீரைச் சேமித்து வைக்கும் தடித்த தண்டுகள்) நான்கு இலைகளும் மட்டுமே கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆர்க்கிட் அது. கோத்தகிரியின் குளிரில் தானாகவே செழித்துவிடும் என்று நம்பி, மற்ற ஆர்க்கிட்டுகளோடு சேர்த்துத் தேங்காய் மட்டைத் துண்டுகள் நிரப்பிய சட்டியில் வைத்து, ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றிவந்தேன். நீரிலிருந்த உப்பு வேர்நுனிகளைக் கருக்கியது. மட்டைத் துண்டுகள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எஞ்சிய வேர்களை அழுகச் செய்தன. இலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கியபோது நோய் என்று எண்ணி மருந்து தெளித்தேன். செடி போன பிறகு சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான், அதில் உயிருள்ள வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது தெரிந்தது.

இறப்பதற்கு முன் அது ஒரே ஒரு பூ பூத்திருந்தது. மூன்று அங்குல உயரம்கூட இல்லாத செடியில் இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு பூ. அந்தச் சிவப்புக்கு எனக்குத் தெரிந்த பூக்களில் ஒப்புமை கிடைக்கவில்லை. செங்காந்தளில் மஞ்சள் கலந்திருக்கிறது, செம்பருத்தியில் ஓர் இளஞ்சிவப்புச் சாயல் ஒளிந்திருக்கிறது. குன்றிமணியைப் பூவாக விரித்தால் ஒருவேளை அப்படி இருக்கும். அந்த ஒரு பூவுக்காகத்தான் அடுத்த பத்தாண்டுகளை இந்தச் செடிக்குக் கொடுத்தேன்.

அதன் சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்குக் கரையோர மலைகள். ரியோ டி ஜெனீரோ நகரத்திற்குப் பின்னால் குழல்களை அடுக்கி நிறுத்தியதைப் போல எழுந்து நிற்கும் ஆர்கன் மலைகளும், அவற்றைத் தன் பகுதியாகக் கொண்டு கடலுக்கு இணையாக நீளும் செர்ரா டோ மார் தொடரும், உள்நாட்டுப் பக்கம் இருக்கும் மாண்டிகேரா தொடரும் இதன் வாழிடம். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சரிவுகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து முகிலாகிறது. மழை பெய்யாத நாளிலும் அந்த முகில் மரங்களுக்குள் புகுந்து கிளைகளை நனைக்கிறது. கிளையெல்லாம் பாசி மூடுகிறது. ஏறக்குறைய 650 மீட்டரிலிருந்து 1,670 மீட்டர் வரை, அந்தப் பாசிக்குள் வேரோடி இந்தச் செடி வாழ்கிறது. இரவு முழுவதும் ஈரம், விடிந்ததும் காற்று, நண்பகலுக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும், மாலையில் மீண்டும் முகில் வரும். வேர்கள் நனைந்து உலரும் இந்தச் சுற்றே அதன் வாழ்க்கை. என் தேங்காய் மட்டைச் சட்டியில் அந்தச் சுற்று முதல் நாளிலேயே அறுந்துவிட்டது.

1837இல் ஆர்கன் மலைகளில் ஏறிய ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கார்ட்னர் இந்தச் செடியை அங்கே சேகரித்தார். அதே கார்ட்னர் 1844இல் இலங்கைக்கு வந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார் என்பதையும், மறு ஆண்டே சென்னை, கோயம்புத்தூர், நீலகிரி ஆகிய இடங்களுக்கு மேற்கொண்ட தாவரவியல் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் என்பதையும் பிற்பாடு அறிந்தபோது, நான் நிற்கும் மலைக்கும் அந்தச் செடியின் மலைக்கும் நடுவே ஒரு மனிதர் நடந்து போயிருக்கிறார் என்ற எண்ணம் பல நாள் என்னை விடவில்லை. அவர் 1849இல் நுவரெலியாவில் இறந்தார். அவர் பார்த்த பிரேசில் மலைச்சரிவுகளிலும், பின்னர் வாழ்ந்த இலங்கை மலைகளிலும் காப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையில் அந்தத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து நடந்தே சென்ற மக்கள்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1836இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இதற்குக் கேட்லியா காக்சினியா என்று பெயரிட்டார். பிறகு இது சோஃப்ரோனைட்டிஸ் என்ற பேரினத்திற்கு மாற்றப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டு அந்தப் பெயரில் வாழ்ந்து, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2008இல் மீண்டும் கேட்லியாவுக்கே திரும்பியது. வளர்ப்பவர்கள் இன்னும் சோஃப்ரோனைட்டிஸ் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லின் வேருக்கு அடக்கம் என்று பொருள் என்பதால், எனக்கும் பழைய பெயரின் மீதே பற்று அதிகம்.

இரண்டாவது செடி 2015இல் குன்னூரில் ஒரு பழைய தேயிலைத் தோட்ட வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பிரித்துப் பிரித்து வளர்த்த செடியின் ஒரு பகுதி அது. இந்த முறை சட்டியே வைக்கவில்லை. சில்வர் ஓக் மரப்பட்டைத் துண்டில் கொஞ்சம் பாசியோடு கட்டி, வீட்டின் வடக்குப் பக்க இறவாணத்தில் தொங்கவிட்டு, தொட்டியில் பிடித்த மழைநீரை மட்டும் தெளித்தேன். அது பிழைத்தது. ஆனால் பிரித்து வளர்ப்பதன் எல்லை விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு புதுத் தளிர் விடும் செடியைப் பிரித்தால் நான்கு ஆண்டுக்கு ஒரு செடி கிடைக்கும். அதுவும் அதே செடியின் இன்னொரு துண்டு, அதே பலவீனங்களோடு. இதை நிறையப் பேர் வளர்க்க வேண்டுமென்றால், அதற்காகக் காட்டுக் கிளைகளிலிருந்து இன்னும் செடிகளைப் பிய்த்து வரக்கூடாதென்றால், விதைதான் வழி. அடுத்த தலைமுறையில் பலவிதமான செடிகள் பிறக்கும். அவற்றில் இந்த மலையின் பனியையும் மாசி, பங்குனி மாத வறட்சியையும் தாங்கக்கூடியவை தாமே தெரியவரும்.

ஆர்க்கிட் விதையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கடுகு அதன் பக்கத்தில் பாறை. காய் வெடித்தால் வெளியே வருவது மங்கலான மஞ்சள் நிறத் தூசி. மூச்சு பட்டால் பறந்துவிடும். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வலை பின்னியது போன்ற ஒரு காற்றுப்பை, அதன் நடுவே நூறு சொச்சம் உயிரணுக்கள் கொண்ட முட்டை வடிவக் கரு. அவ்வளவுதான். அவரைக்கும் நெல்லுக்கும் தாய் கட்டிக்கொடுக்கும் சோற்றுமூட்டை இதற்குக் கிடையாது. மூட்டையைக் கைவிட்டதால்தான் ஒரே காயில் இத்தனை விதைகளை உருவாக்க முடிகிறது. பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர், மேக்சிலேரியா என்ற ஆர்க்கிட்டின் ஒரே காயில் 17,56,440 விதைகள் இருப்பதாகக் கணக்கிட்டதை டார்வின் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் முளைத்தால் காடே ஆர்க்கிட்டாகிவிடும். ஆனால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே, பசியோடு எங்கோ விழுந்து பசியோடே முடிந்துபோகின்றன.

முளைக்கும் சிலவற்றுக்குச் சோறு போடுவது ஒரு பூஞ்சை. இதைக் கண்டவர் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899இல், கட்டாய இராணுவச் சேவையில் இருந்த நாட்களில், ஃபோன்டென்புளோ காட்டில் சருகுக்கடியில் புதைந்திருந்த ஓர் ஆர்க்கிட் தண்டில் முளைத்த விதைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முளைக்குள்ளும் பூஞ்சை இழைகள் புகுந்திருப்பதைக் கண்டார். இழைகள் விதைக்குள் புகுந்து உயிரணுக்களில் சுருண்டுகொள்கின்றன. விதை அந்தச் சுருள்களைச் செரித்து அவற்றிலிருந்து சர்க்கரை பெறுகிறது. யார் யாரை உண்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த உறவில்தான் உலகத்து ஆர்க்கிட் எல்லாம் பிறக்கின்றன. பெர்னார்ட் தம் 36ஆம் வயதில், 1911இல் இறந்துவிட்டார்.

பூஞ்சை கொடுப்பது சர்க்கரைதான் என்றால் சர்க்கரையை நேரடியாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்டவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன். கண்ணாடிக் குடுவைக்குள் உப்புகளும் சர்க்கரையும் கலந்த அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்) கூழில், எந்த நுண்ணுயிரும் இல்லாமல் கேட்லியா விதைகளை முளைக்கவைத்து 1922இல் அறிவித்தார். பூஞ்சை இல்லாமல் வளர்ந்தது முழுச் செடியாகுமா, பூக்குமா என்ற ஐயம் எழுந்தபோது, 1930இல் அப்படி வளர்ந்து பூத்த செடியைப் பற்றியும் எழுதினார். 1946இல் அவர் திருத்தி வெளியிட்ட கலவைக்கு நட்சன் சி என்று பெயர். என் சமையலறையில் நான் கலக்குவது அதைத்தான்.

வேதியியல் ஆசிரியையாக இருந்ததால் இந்தப் பகுதி எனக்கு எளிதாகவே இருந்தது. ஒரு லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 1 கிராம், அம்மோனியம் சல்பேட் அரை கிராம், மக்னீசியம் சல்பேட்டும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் தலா கால் கிராம், இரும்பு சல்பேட் 25 மில்லிகிராம், மாங்கனீசு சல்பேட் 7.5 மில்லிகிராம், சர்க்கரை 20 கிராம். ஏழரை மில்லிகிராமை எந்த வீட்டுத் தராசும் நிறுக்காது. 750 மில்லிகிராமை 100 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு மில்லி எடுத்தால் அளவு சரியாக இருக்கும். உப்புகளை ஒன்றாகக் கொட்டக்கூடாது. ஒன்று முழுதும் கரைந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து, விதைக்குப் பயன்படாமல் அடியில் தங்கிவிடும். இறுதியில் அமிலத்தன்மையைப் பிஎச் 5.2 அளவுக்குக் கொண்டுவந்து, அகர் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். ஒருமுறை அமிலம் மிகுந்துபோய் அகர் உறையவே இல்லை. எட்டு பாட்டில் கஞ்சியைக் கீழே கொட்டினேன்.

உண்மையான தோல்வி அதற்கும் முந்தியது. 2016இல் தாய்ச்செடியின் பூவை அதன் மகரந்தத்தாலேயே சேர்த்து, காய் தானாக வெடிக்கும்வரை காத்திருந்து, உலர்ந்த விதையை 14 ஜாம் பாட்டில்களில் விதைத்தேன். கலவையை ஊற்றிய பாட்டில்களைப் பிரஷர் குக்கரில் 15 நிமிடம் வைத்து எடுத்தேன். எல்லாக் குறிப்புகளிலும் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் கூழின் மேல் பால் திரிந்ததைப் போன்ற திட்டுகள் தோன்றின. பத்து நாளில் 11 பாட்டில்கள் போயின. மிச்சமிருந்த மூன்றில் முளைத்தவை மெலிந்து வெளிறி, ஒரு மாதத்தில் பழுப்பாயின. கை சுத்தமாக இல்லை, காற்றில் தூசி இருந்தது என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பதினொன்றாம் வகுப்புக்குக் கொதிநிலை நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே பிழை எங்கே என்று புரிந்தது. கடல் மட்டத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில் குக்கருக்குள் 121 பாகை செல்சியஸ் வரும். 1,800 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதே குக்கர், அதே எடை, ஆனால் உள்ளே வெப்பம் 118 பாகையைத் தாண்டாது. அந்த மூன்று பாகைக் குறைவில், வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்களின் உறைவித்துகள் பிழைத்துக்கொண்டன. அன்றிலிருந்து 35 நிமிடம் வைக்கிறேன். மலையில் இருப்பவர்கள் யாரேனும் இதை முயல்வதாக இருந்தால், இந்த ஒரு செய்தியையாவது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தன் மகரந்தத்தாலேயே சேர்த்ததால்தான் நாற்றுகள் மெலிந்திருந்தன என்பது என் எண்ணம். வேறொரு செடியின் மகரந்தம் வேண்டியிருந்தது. தேடிக் கேட்டதில், கொடைக்கானலில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இருபது ஆண்டாக ஒரு காக்சினியா இருப்பதாகத் தெரிந்தது. 2017 பொங்கல் விடுமுறையில் போனேன். அவருடைய பூ என்னுடையதைவிட அடர்ந்த சிவப்பு. உதடு என்று சொல்லப்படும் நடு இதழின் அடியில் மஞ்சள் வரிகள் நன்றாக விரிந்திருந்தன. செடியைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போலும். தயங்கித் தயங்கிக் காட்டினார். மகரந்தம் மட்டும் போதும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. “அதுக்கென்ன டீச்சர், பூவோடவே எடுத்துக்கோங்க. காயாச்சுன்னா எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்க” என்றார்.

பல்குச்சியின் நுனியால் பூவின் நடுத்தூணில் இருக்கும் சிறு மூடியை நெம்பினால், எட்டு மகரந்தத்திரள்கள் ஒரே கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதை வெண்ணெய்த்தாளில் மடித்து, தாளை ஒரு சிறு டப்பாவில் வைத்து, பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று ஐந்து பேருந்து மாறி, வெயில் படாமல் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் என் பூ இன்னும் இரண்டு நாள் இளசாக இருந்ததால் குளிர்சாதனப் பெட்டியில் காத்திருந்து, மூன்றாம் நாள் காலை அதைச் சூல்முடியின் பசையில் ஒட்டினேன். தேன்சிட்டை ஒத்த, ஆனால் அதற்கு உறவில்லாத ஓசனிச்சிட்டு அந்தக் காடுகளில் செய்யும் வேலை இது. இரண்டு நாளில் பூ வாடித் தொங்கியது. ஒரு வாரத்தில் பூக்காம்பு பருக்கத் தொடங்கியது.

சின்னச் செடிக்குக் காய் பெரிய சுமை. ஐந்து மாதம் அந்தக் காய் தாயின் குமிழ்களை வற்றச் செய்துகொண்டே வளர்ந்ததைப் பார்த்து, வேறு எந்தப் பூவையும் அந்த ஆண்டு விடாமல் கிள்ளிவிட்டேன். இந்த முறை காய் வெடிக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. பச்சைக் காயின் உள்ளே எந்தக் கிருமியும் கிடையாது. வெளித்தோலைத் தூய்மை செய்தால் போதும். ஜூன் மாதம் காயை அறுத்து, 140 மில்லி நீரில் 10 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து வடிகட்டிய தெளிவில் இருபது நிமிடம் ஊறவைத்தேன். பக்கவாட்டில் இரண்டு துளையிட்டு நீள ரப்பர் கையுறைகளைப் பொருத்திய ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான் என் ஆய்வுக்கூடம். அதற்குள் கத்தி, இடுக்கி, பாட்டில்கள் எல்லாவற்றையும் அதே ப்ளீச்சிங் நீரால் துடைத்து வைத்து, காயை நீளவாட்டில் பிளந்து, உள்ளிருந்த விதையை வெண்ணெயைப் போல வழித்து 12 பாட்டில்களில் பரப்பினேன். துடைக்கச் சாராயத்தைப் பயன்படுத்தினால், மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி இருக்கும்போது விளக்கு ஏற்றவே கூடாது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

பத்து பாட்டில்கள் தூய்மையாக நின்றன. ஆறாவது வாரம் விதைகள் உப்பின. எட்டாவது வாரம், ஆடி மாதத்து மங்கலான ஒரு காலையில், வெண்தூசி முழுவதும் பச்சையாக மாறியிருந்தது. வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல், ஊசிமுனை அளவு உருண்டைகள். புரோட்டோகார்ம் என்று சொல்லப்படும் பருவம். காட்டில் பூஞ்சை வந்து சேரவில்லை என்றால் இங்கேதான் கதை முடியும். உருண்டையின் அடியில் வெல்வெட் போல நுண்மயிர்கள் முளைத்தன, தலையில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது, அந்தப் பள்ளத்திலிருந்து நகக்கண் அளவுகூட இல்லாத முதல் இலை எட்டிப் பார்த்தது. என் மாமியார், பாட்டிலைத் தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் என்னைப் பார்த்து, “ஊறுகாய்க்கு வெயில் காட்டுற மாதிரில்ல காட்டுற” என்றார். கொஞ்ச நாளில் எனக்கு முன்பே எழுந்து அவர் பார்த்துவிட்டு, எந்தப் பாட்டிலில் எத்தனை இலை என்று சொல்லத் தொடங்கினார்.

டிசம்பரில் அவற்றைப் புதுக் கூழுக்கு மாற்றினேன். நெருக்கத்தில் ஒன்றின் சர்க்கரையை ஒன்று பறித்துக்கொள்ளும். பழைய கூழில் கழிவும் சேரும். புதுக் கூழில் லிட்டருக்கு 100 மில்லி இளநீரும், மசித்த வாழைப்பழம் ஒன்றும், கொஞ்சம் கரித்தூளும் சேர்த்தேன். இளநீர் நமக்கு மட்டும் தெரிந்த நாட்டு வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1941லேயே வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்ந்தவர்களும் தேங்காய்நீரைக் கொண்டு ஊமத்தை விதைக்கருக்களைக் குடுவையில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தென்னை தன் கருவுக்காக வைத்திருக்கும் சோற்றை, சோற்றுமூட்டை இல்லாமல் பிறந்த இன்னொரு கருவுக்கு ஊட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. எண்ணி 240 நாற்றுகளை மாற்றினேன். அடுத்த ஆண்டில் இன்னொரு முறை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் ஒவ்வொன்றிலும் தடித்த வெள்ளை வேர்கள் இரண்டு மூன்று ஓடியிருந்தன.

2019 ஜூனில் 186 செடிகளைப் பாட்டிலிலிருந்து வெளியே எடுத்தேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்றாலும், ஆனி மாதத்திலிருந்தே காற்றில் ஈரம் ஏறிவிடும். மழைக்காலம் முழுவதையும் அவற்றுக்குக் கொடுக்க விரும்பினேன். கூழின் சர்க்கரை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதில் பூசணம் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு வேரையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஸ்பாக்னம் பாசியில் நட்டு, மூடியுள்ள தட்டுகளில் வைத்து, வாரத்திற்கு ஒரு விரற்கடை அளவு மூடியைத் திறந்துகொண்டே வந்தேன். பாட்டிலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு கிட்டத்தட்டக் கிடையாது. காற்று என்ற ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. ஒரே நாளில் திறந்துவிட்டால் மாலைக்குள் துவண்டுவிடும். நத்தைகள் ஒரே இரவில் 22 செடிகளைத் தின்றன. அழுகல் நோயில் இன்னும் சில போயின.

2020 தொடக்கத்தில் உலர்ந்த மாதங்கள் வந்தபோது நூற்றுச் சொச்சம் இருந்தன. அந்தப் பிப்ரவரியும் மார்ச்சும் கடுமையாக இருந்தன. பள்ளிக்குப் போய்விட்டு மாலையில் வந்து பார்க்கும்போது தட்டுகள் உலர்ந்துபோயிருக்கும். மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு நான் வீட்டிலேயே இருக்க நேர்ந்ததால், விடியற்காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று தெளித்து, எஞ்சியவற்றைக் காப்பாற்ற முடிந்தது. வைகாசியில் எண்ணியபோது 61 இருந்தன.

அந்த 61ஐக் கவனித்தபோது தெரிந்தவற்றை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஒரே காயிலிருந்து வந்த உடன்பிறப்புகள், ஒரே தட்டில் ஒரே நீரைக் குடித்தவை. ஆனாலும் சில மாசி வெயிலில் இலைகளைச் சிவப்பாக்கிக்கொண்டு அசையாமல் காத்திருந்தன, சில அதே வெயிலில் குமிழ்களை முற்றிலும் வற்றவிட்டன. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை குட்டையான, தடித்த இலைக்காரர்கள். அவற்றைச் சில்வர் ஓக் பட்டைகளில் கட்டித் தாய்ச்செடியின் பக்கத்தில் தொங்கவிட்டபோது, தாய்க்கு நான் செய்துகொண்டிருந்த உபசரணைகளில் பாதி அவற்றுக்குத் தேவைப்படவில்லை. தாய் வேர் விடத் தயங்கும் மாதங்களில் அவை வேர் விட்டன. பிரேசில் மலைகளிலிருந்து பறித்துக் கப்பலேற்றிய செடிகள் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் கொத்துக் கொத்தாக இறந்ததைப் படித்திருக்கிறேன். அவை வலுவில்லாத செடிகள் அல்ல. வேறோர் ஊரின் முகிலுக்காகத் தேர்ந்து வந்தவை. என் பட்டையில் இருப்பவை இந்த ஊரின் முகிலில் தேர்ந்தவை. காட்டிலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து வைத்திருப்பதற்கும் ஒரு செடியை இங்கேயே பிறக்கவைப்பதற்கும் உள்ள தூரத்தை இதற்கு முன் நான் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை. ஜப்பானிய வளர்ப்பாளர்கள் பல தலைமுறையாக விதையிலிருந்தே தேர்ந்தெடுத்து, காட்டில் காணக்கிடைக்காத அளவு அகன்ற இதழுள்ள காக்சினியாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்த எவருக்கும் காட்டுச் செடியைத் திருடி விற்பவரிடம் வாங்கத் தோன்றாது.

2022 ஜனவரியில், விதைத்து நான்கரை ஆண்டு கழித்து, முதல் மொட்டு வந்தது. இந்த இனத்தில் புதுத்தளிரின் இலை விரிவதற்கு முன்பே அதற்குள்ளிருந்து மொட்டு எட்டிப் பார்க்கும். தளிர் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டிருந்ததை மாமியார்தான் கண்டுபிடித்தார். பூ சிறியது. நிறமும் கொடைக்கானல் பூவின் அடர்த்திக்கு வரவில்லை. ஆனால் உதட்டின் அடியில் அந்த மஞ்சள் வரிகள் அப்படியே இருந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் 19 செடிகள் பூத்தன. ஒன்று ஆரஞ்சுக்குச் சாய்ந்தது, ஒன்று தாயைவிடப் பெரிதாக விரிந்தது, நான்கைந்து அந்தப் பெரியவரின் சிவப்பிலேயே வந்தன.

காயானதையும் முளைத்ததையும் அவருக்கு அவ்வப்போது தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 கோடையில் அவரே அழைத்தார். தொட்டி வற்றிக் குழாய்நீரை ஊற்ற வேண்டியிருந்ததாகவும், செடி மூன்று மாதத்தில் போய்விட்டதாகவும் சொன்னார். மார்கழியில் மொட்டோடு இருந்த ஒரு செடியையும், ஏற்கெனவே அடர்சிவப்பில் பூத்து முடித்திருந்த இரண்டு செடிகளையும், பட்டையோடு செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று வந்த வழியே திரும்ப எடுத்துச் சென்றேன்.

அவர் பெட்டியைப் பிரித்ததும் பூவைத் தேடவில்லை. பட்டையைத் திருப்பி வேர்களைத்தான் முதலில் பார்த்தார். பச்சை நுனியோடு பட்டை முழுவதும் ஓடியிருந்த வேர்களை விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் தொடர்ந்து கொண்டே போய், “இது நம்ம தண்ணிய தாங்குமா டீச்சர்?” என்று கேட்டார். குழாய்நீர் வேண்டாம், மழைநீரையே பிடித்து வையுங்கள் என்றேன். பழைய செடி தொங்கிய அதே ஆணியில் முதல் பட்டையை மாட்டிவிட்டு, மற்ற இரண்டுக்கும் ஆணி அடிக்க அவர் சுத்தியலைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.